துண்டு போட்ட சீட்டு

இல்ல சார், ஆள் வருது. துண்டு போட்டிருக்கேன் பாருங்க.

கோவிச்சுக்காதீங்க. நிக்க முடியாம நிக்கிறீங்கன்னு தெரியுது. அந்தப் பையை இப்படிக் கொடுங்க, நான் மடியில வச்சுக்கிறேன். என்ன சார் இம்புட்டு கனம்? இட்லிச் சட்டியா! ஊருக்கே அவிப்பீங்க போல. பரவாயில்ல, கொடுங்க. மனுசனுக்கு மனுசன் இதுகூடச் செய்யலைன்னா எப்படி. சீட்டு மட்டும் கேக்காதீங்க.

எங்க ஏறுவாங்களா? விருதுநகர்ல.

சிரிக்காதீங்க சார். கண்டக்டரும் அதைத்தான் கேட்டுட்டுப் போனாரு. விருதுநகர்ல ஏறுற ஆளுக்கு மதுரை மாட்டுத்தாவணியிலேயே துண்டு போட்டவரு நீங்க ஒருத்தர்தான்னாரு. ஆனா ரெண்டு டிக்கெட்டு எடுத்திருக்கேன்ல. மாட்டுத்தாவணியிலேருந்து கோவில்பட்டிக்கு ரெண்டு. முறைப்படி பாத்தா என் மேல ஒரு தப்பும் கிடையாது. எப்பவுமே என் மேல தப்பு இருக்காது சார். உங்ககிட்ட எனக்குப் பிடிக்காததே அதுதான்னு என் வீட்டுக்காரி சொல்லுவா.

அவதான் ஏறணும். பேரு சுடர்க்கொடி. அவங்க அப்பா வீடு விருதுநகர். போயி இன்னையோட பதினெட்டு நாளாச்சு. நாளைக்குக் கோவில்பட்டியில என் தங்கச்சி வேணியோட புது வீட்டுக்குப் பால் காய்ச்சுறாங்க. வேணிகிட்டதான் பேசியிருக்கா, என்கிட்ட பேசல. "உங்க அண்ணன் வர்ற வண்டியில விருதுநகர்ல ஏறுனேன்னா, அப்படியே மதுரைக்கும் வர்றேன்னு அர்த்தம். ஏறலைன்னா இனிமே போன் பண்ண வேணாம்னு சொல்லிரு." இம்புட்டுதான் சேதி. கல்யாணமாகி இருபத்திரண்டு வருசம். பொண்ணு கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்கு. அதுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. அதான் சார், இந்தச் சீட்டை நான் யாருக்கும் தர மாட்டேன். என் உயிரே இந்தத் துண்டு மேலதான் உக்காந்திருக்கு.

என்ன சண்டையா? சண்டையே இல்ல. ஒரு கிளிப்பு. துணி காயப்போடுற கிளிப்பு, சிவப்பு கலர்.

முழுசாச் சொன்னாத்தான் புரியும். திருமங்கலமே இன்னும் வரல, நேரம் கிடக்கு.

என் பேரு ஆவுடையப்பன். மதுரையில ஒரு கம்பெனியில நெட்வொர்க் டப்பா செய்றோம். ஆபீஸ்ல, மில்லுல எல்லாம் சுவத்துல ஒரு டப்பா பச்சை லைட்டு மினுக்கிக்கிட்டு இருக்கும் பாத்திருப்பீங்க, அது. அதுக்குள்ள ஓடுற ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல நெட்வொர்க் பகுதி என் பொறுப்பு. பத்தொம்பது வருசமா.

இந்தத் துண்டு இருக்கு பாருங்க, இதுதான் என் தொழிலு. மெய்யாத்தான் சொல்றேன். ஒரு சீட்டு காலியா இருக்கு. அந்த ஜன்னல் வழியா ஒருத்தன் எட்டிப் பாக்குறான், இந்த ஜன்னல் வழியா இன்னொருத்தன் பாக்குறான். ரெண்டு பேருக்கும் காலியாத்தான் தெரியுது. ரெண்டு பேரும் படிக்கட்டுக்கு ஓடி வர்றாங்க. என்ன ஆகும்? ஒருத்தன் மடியில ஒருத்தன் உக்காருவான். ரெண்டு பேருமே பாத்துட்டுத்தான் வந்தாங்க, யாரு மேலயும் தப்பு இல்ல. ஆனா பாத்ததுக்கும் உக்காந்ததுக்கும் நடுவுல கொஞ்சூண்டு நேரம் இருக்கு பாருங்க, அங்கதான் வில்லங்கம். எங்க பாஷையில ரேஸ் கண்டிஷன். அதுக்கு மருந்து, எட்டிப் பாக்கும்போதே துண்டைப் போட்டுறணும். அதுக்குப் பேரு லாக். துண்டு கிடந்தா அடுத்தவன் தொடக் கூடாது.

இல்லம்மா, ஆள் வருது. பின்னால போங்க, கடைசி சீட்டுல இடம் இருக்கும்.

எங்க விட்டேன்? ஆங், டப்பா. உள்ள நாலு பேரு வேலை பாக்குறதா வச்சுக்கோங்க. யாரு யாரோட பேசிக்கிட்டிருக்காங்கன்னு அட்டையில எழுதி எல்லாரும் ஒரே தட்டுல போட்டு வச்சிருப்பாங்க. பேச்சு முடிஞ்சா அட்டையைக் கிழிச்சிரணும். ஒருத்தன் ஒரு அட்டையை எடுத்து வாசிச்சுக்கிட்டிருக்கான். இன்னொருத்தன் வந்து, பேச்சுதான் முடிஞ்சிருச்சேன்னு அதே அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டான். வாசிச்சவன் கையில என்ன மிஞ்சும்? குப்பை. அந்தக் குப்பையை நம்பி இல்லாத இடத்துக்குப் போவான், டப்பா டமார்னு விழுந்துரும்.

ஒரு நூல் மில்லுல இப்படித்தான் விழுந்துச்சு. ஒருநா விழும், நாலு நாள் நல்லா இருக்கும், மறுபடி விழும். எங்க விழுதுன்னு பாக்க, "இப்ப இங்க வந்துட்டேன்"னு எழுதிக் காட்டச் சொல்லி ஒரு வரி சேத்தேன். சேத்த நிமிசத்துலேருந்து விழவே இல்ல சார்! வரியை எடுத்தா விழுது. போட்டா விழல. ஏன்னா எழுதுறதுக்கு ஒரு நொடி ஆகுதுல்ல, அந்தத் தாமதத்துல ரெண்டு பேரும் மோதிக்காம தப்பிச்சுர்றாங்க. வாத்தியார் எட்டிப் பாத்தா அமைதியாகிற வகுப்பு மாதிரி. நான் என்ன செஞ்சேன்? அந்த வரியோடயே மில்லுக்கு அனுப்பிட்டேன். பக்கத்துல, "இதை யாரும் தொடாதீங்க"ன்னு ஒரு குறிப்பும் எழுதி வச்சேன்.

ஹசீனான்னு ஒரு பொண்ணு, கீழக்கரைக்காரி. சேந்து எட்டு மாசம்தான் ஆகுது. "சார், இந்த வரி எதுக்கு சார்?"னு கேட்டுச்சு. உனக்குப் புரியாதும்மான்னேன். புரியலைன்னா விட்டுறணுமா இல்லையா? அது மேனேஜர்கிட்ட போயிக் கேட்டு எடுத்துருச்சு. மறுநாளே மில்லு டப்பா விழுந்துச்சு. அப்புறம்தான் நான் ஒழுங்கா உக்காந்து, அந்த அட்டைத் தட்டுக்கு லாக் போட்டேன். தட்டைத் தொடுறவன் முதல்ல லாக்கை எடுக்கணும், வேலை முடிஞ்சதும் திருப்பி வைக்கணும். போட்டேன். விழுறது நின்னுச்சு. மேனேஜர் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாரு. வாழைக்காய் பஜ்ஜி. எனக்கு அன்னைக்குத் தரையில கால் பாவல சார்.

அதே வாரம் வீட்டுல சாம்பார்.

ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. அவ ரயில்வேயில, ரிசர்வேஷன் கவுன்டர்ல உக்காருறவ. காலையில அடுப்படியில அவளும் நிப்பா, நானும் நிப்பேன். நான் உதவி செய்றவன் சார், சும்மா சொல்லக்கூடாது. அன்னைக்கு அவ சாம்பாரை ருசி பாத்திருக்கா, உப்பு இல்ல. உப்பு டப்பாவை எடுக்க அந்தப் பக்கம் திரும்பியிருக்கா. நான் வந்து ருசி பாத்தேன், உப்பு இல்ல. என் கை பக்கத்துலேயே கல் உப்பு. போட்டுட்டுப் போயிட்டேன். அவ திரும்பி வந்து அவ பங்குக்குப் போட்டா.

வாயில வைக்க முடியல. "நான் பாத்துட்டுத்தான் போட்டேன்"ங்கிறா. நானும் பாத்துட்டுத்தானே போட்டேன்! எனக்குச் சந்தோசம் தாங்கல. "சுடரு, இதுதான்டி ரேஸ் கண்டிஷன்! அச்சு அசல் மில்லு டப்பா!"ன்னு கையைத் தட்டிச் சிரிக்கிறேன். அவ அந்தச் சாம்பாரைச் சிங்க்ல கொட்டிக்கிட்டு என்னை ஒரு பார்வை பாத்தா.

அன்னைக்குச் சாயங்காலமே அடுப்புக்குப் பக்கத்துல ஆணி அடிச்சேன். சிவப்பு கிளிப்பு ஒண்ணை மாட்டுனேன். அடுப்பைத் தொடுறவங்க முதல்ல கிளிப்பை எடுத்துச் சட்டையிலயோ சேலையிலயோ குத்திக்கணும். முடிஞ்சதும் ஆணியில மாட்டிறணும். கிளிப்பு ஆணியில இல்லைன்னா காத்திருக்கணும். எம்புட்டு எளிசு! அவ கேட்டா, "எடுத்தவரு திருப்பி மாட்டலைன்னா?" மாட்டாம எங்க போகப்போறோம்னேன். அதுக்கு அவ, "எங்க கவுன்டர்ல ஒருத்தர் ஃபாரத்தைப் பாதி எழுதிட்டுப் பேனாவைத் தேடிக்கிட்டு நின்னா, தள்ளி நில்லுங்க, அடுத்த ஆள் வாங்கன்னுருவோம். அவருக்காக வரிசையே நிக்காது"ன்னா. அது ரயில்வேடி, இது வீடுன்னு சொல்லிட்டேன். லாக்கைப் பத்தி எனக்குச் சொல்லித் தர்றா பாருங்க.

பத்து நாள் அருமையா ஓடுச்சு. நடுவுல ஒரு புதன்கிழமை, நான் குளிச்சுக்கிட்டிருக்கேன், அவ கிளிப்பை எடுக்காமலே ரசத்துக்கு உப்புப் போட்டுட்டா. நான் வஞ்சேன்னு நினைக்காதீங்க. வையல. உக்கார வச்சு விளக்குனேன். பேப்பர்ல படம் போட்டு, ஒரு நாப்பது நிமிசம். "வீட்டுல ஒரே ஒருத்தர் மதிக்கலைன்னாலும் லாக்குன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. உலகமே இடிஞ்சாலும் கிளிப்பு இல்லாம அடுப்பைத் தொடாதே"ன்னேன். அவளுக்கு டியூட்டிக்கு நேரமாச்சு, இருந்தும் முழுசாக் கேட்டா. கேட்டுட்டு, "சரி. கிளிப்பு இல்லாம இனிமே அடுப்பைத் தொட மாட்டேன்"னா. எனக்கு ஒரே பெருமை. புரிஞ்சுக்கிட்டாளேன்னு.

என்ன சார், இப்பவே சிரிக்க ஆரம்பிச்சுட்டீங்க? இன்னும் சொல்லவே இல்லையே.

அந்த ஞாயித்துக்கிழமை மாமனாரும் மாமியாரும் சாப்பிட வந்தாங்க. ரொம்ப நாள் கழிச்சு வர்றாங்க. சாம்பார் நான் வைக்கிறேன்னு நானே கேட்டு, கிளிப்பை எடுத்துச் சட்டைப் பையில குத்திக்கிட்டேன். பருப்பைக் கழுவிக் குக்கர்ல போடுறேன், மேனேஜர் போன். மில்லு டப்பா. விழுந்துருச்சான்னேன். இல்ல, விழல, லைட்டெல்லாம் எரியுது, ஆனா கல்லு மாதிரி அப்படியே நிக்குதுங்கிறாரு. ஒரு பாக்கெட், அதான் சேதிப் பொட்டலம், போக மாட்டேங்குது, வர மாட்டேங்குது. இதோ வர்றேன்னு போட்டது போட்டபடி கிளம்பிட்டேன்.

எங்க லேபுக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாது. வாசல்ல தட்டுல வச்சுட்டுத்தான் போகணும். சாயங்காலம் வெளிய வந்து பாக்குறேன், அவகிட்டேருந்து பதினோரு அழைப்பு.

அவ என்ன செஞ்சிருக்கா தெரியுமா? ஒண்ணுமே செய்யல. அதான் கொடுமை! "அப்பா, உங்க மாப்பிள்ளை கிளிப்பைக் கொண்டுபோயிட்டாரு. அது இல்லாம அடுப்பைத் தொடக்கூடாதுன்னு சட்டம்"னு சொல்லிட்டு ஹால்ல வந்து உக்காந்துட்டா. மாமனார் ரெண்டு மணி வரைக்கும் பேப்பர் படிச்சிருக்காரு, விளம்பரம் மொதக்கொண்டு. மாமியார் எந்திரிச்சு அடுப்படிக்குப் போகப்போக இவ தடுத்திருக்கா. கடைசியில எங்களுக்குன்னு அவங்க கொண்டுவந்த சாத்தூர் காராச்சேவை அவங்களே பிரிச்சுத் தின்னு, தண்ணி குடிச்சுட்டு, அவங்க வந்த கார்லேயே இவளும் ஏறிப் போயிட்டா. நான் வீட்டுக்கு வந்தா ஃபிரிட்ஜ்ல ஒரு காகிதம். "சாவி எதிர் வீட்டுல. கிளிப்பு உங்ககிட்ட."

அம்புட்டுதான். ரெண்டே வரி.

நான் என்ன வேணும்னா கொண்டுபோனேன்? அவசர வேலை. நடுவுலேயே ஓட வேண்டியதாப் போச்சு. அதுக்கு இப்படியா?

அன்னைக்கு ஆபீஸ்ல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க, அது இதைவிடக் கொடுமை. காலையிலேருந்து பாக்குறேன், டப்பா ஏன் நிக்குதுன்னு தெரியல. மத்தியானம் இந்த ஹசீனா வந்து பின்னால நின்னுச்சு. ஒரு மணி நேரம் நான் எழுதுன புரோகிராமைத் திரையில வாசிச்சுட்டு மெதுவா, "சார், இந்த இடத்துல பாக்கெட் உடைஞ்சு வந்தா வேலையை நிறுத்திட்டு வெளிய போயிர்றோம்ல சார். அந்த வழியாப் போனா லாக்கை யாரு சார் திருப்பி வைக்கிறது?"ன்னுச்சு.

நான் சொன்னேன், அது அபூர்வமாத்தான் நடக்கும்மா, அவசரமா வெளிய போற வழி அது. "அபூர்வமா ஒரு தடவை போதும்ல சார்"ன்னுச்சு. வேணும்னே உடைஞ்ச பாக்கெட் ஒண்ணை அனுப்பிக் காட்டுச்சு. டப்பா நின்னுருச்சு. உள்ள இருக்க மத்த மூணு பேரும் லாக் வரும் வரும்னு காத்துக்கிட்டு நிக்கிறாங்க. எடுத்தவன் வெளிய போயி ரொம்ப நேரம் ஆச்சு.

ஒரே ஒரு வரிதான் சேக்க வேண்டியது. போகும்போது லாக்கை வச்சுட்டுப் போ. சேத்துச்சு, சரியாப் போச்சு. ஆனா எங்க தொழில்ல ஒரு வழக்கம் சார். எதையாவது சரிபண்ணா, யாரு செஞ்ச எந்த மாத்தத்தால இந்தக் கோளாறு வந்துச்சுன்னு கீழ ஒரு வரி எழுதணும். ஹசீனா எழுதுச்சு. எனக்குப் பஜ்ஜி வாங்கித் தந்த அதே மாத்தம். ஆவுடையப்பன், தேதி எல்லாம் போட்டு. இனி உலகம் உள்ளவரைக்கும் அந்த வரி அங்க இருக்கும். பத்தொம்பது வருசம் சார்!

ஒருநா டீ குடிக்கும்போது, சரி சின்னப் பொண்ணுதானேன்னு வீட்டுக் கதையை அதுகிட்டச் சொன்னேன். அதுக்குப் புரையேறிருச்சு. சிரிச்சுச் சிரிச்சு டீயைத் துப்பட்டாவுல கொட்டிக்கிச்சு. "சார், ரெண்டும் ஒண்ணுதானே சார்"ங்குது. என்ன ஒண்ணு? அது மில்லு டப்பா, இது குடும்பம். நீங்களும் அதே மாதிரி சிரிக்கிறீங்க. சொன்னா நானும் சிரிப்பேன்ல.

திருமங்கலம் வந்துருச்சு. இல்லண்ணே, ஆள் வருது, ஆள் வருது. துண்டு கிடக்குல்ல? இந்த சார்கூட அப்பலேருந்து நின்னுக்கிட்டுத்தான் வர்றாரு, அவரே மறுபடி கேக்கல.

மொத ரெண்டு நாள் போன் பண்ணேன், எடுக்கல. அப்புறம் நானும் விட்டுட்டேன். அவ நான் நேர்ல வரணும்னு இருக்கா. நான் அவ ஒரு போன் பண்ணட்டும்னு இருக்கேன். இதுக்கும் எங்ககிட்ட ஒரு பேரு இருக்கு, டெட்லாக். ரெண்டு பேரு கையிலயும் ஒண்ணு ஒண்ணு இருக்கும், அடுத்தவன் கையில இருக்கது வந்தாத்தான் இதை விடுவேன்னு நிப்பாங்க. நாள் கணக்கா நிக்கும். யாராவது ஒருத்தர் கையில இருக்கதைக் கீழ வைக்கணும், வேற வழியே கிடையாது. அவ வைக்கலாம்ல? என்ன குறைஞ்சுருவா?

சும்மா சொல்லல சார், வீடு நல்லா இல்ல. பதினெட்டு நாளா ஓட்டல் சாப்பாடு. அடுப்பு சுத்தமாக் கிடக்கு, அதைப் பாத்தாலே எனக்கு என்னமோ பண்ணுது. காலையில எந்திரிச்சு, உப்பு போட்டாச்சான்னு கேக்க வாயைத் திறந்துட்டு மூடிக்கிறேன்.

அதனாலதான் யோசிச்சு ஒரு வழி கண்டுபிடிச்சேன். இங்க பாருங்க. நாலு கிளிப்பு, நாலு கலர். நேத்துதான் வாங்குனேன். தப்பு எங்க இருந்துச்சுன்னா, மொத்த அடுப்படிக்கும் ஒரே லாக் போட்டது. இனிமே அடுப்புக்குப் பச்சை, ஃபிரிட்ஜுக்கு நீலம், மிக்ஸிக்கு மஞ்சள், சிங்க்குக்கு வெள்ளை. எடுக்கும்போது இந்த வரிசையிலதான் எடுக்கணும், அப்பத்தான் டெட்லாக் வராது. படம் போட்டும் வச்சிருக்கேன், லேமினேட் பண்ணி. அவ வந்து இந்தச் சீட்டுல உக்காந்ததும் மொதல்ல இதைக் காட்டுறேன். அசந்துருவா.

மன்னிப்பா? எதுக்கு சார் மன்னிப்பு? நான்தான் இம்புட்டு வேலை செஞ்சு கொண்டுவர்றேனே.

கள்ளிக்குடி தாண்டிருச்சு. ஏறுவாளா சார்? நீங்க என்ன நினைக்கிறீங்க? இல்ல, சொல்ல வேணாம்.

விருதுநகர்... வந்தாச்சு. கொஞ்சம் நகருங்க சார், முன் வாசல் தெரியல. இறங்குறவங்களே இறங்கிக்கிட்டிருக்காங்க. பச்சைச் சேலை... அவ இல்ல. அந்தப் பையோட... அதுவும் இல்ல. அம்புட்டுதானா? கண்டக்டர் விசிலை வாயில வைக்கிறாரே. சார், சார், இருங்க சார், ஒரு நிமிசம், ஆள்...

வந்துட்டா! அந்தா, ஊதாச் சேலை. கையில பெரிய பை. பெரிய பைன்னா வீட்டுக்கு வர்றான்னு அர்த்தம், இல்லையா சார்? சுடரு! இங்க! சீட்டு போட்டிருக்கேன்!

பாத்துட்டா. என்னைப் பாத்தா. துண்டைப் பாத்தா. உங்களைப் பாக்குறா சார். ஏன் உங்களையே பாக்குறா?

அங்க உக்காந்துட்டா. முன்னால, டிரைவருக்குப் பின் சீட்டுல. யாரோ இறங்குன இடம். இங்க அவளுக்குன்னு ஒரு மணி நேரமா... திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குறா.

சார், நீங்க எங்க ஏறுனீங்க?

மாட்டுத்தாவணியிலேயா? என்கூடவேயா? அப்பலேருந்து நின்னுக்கிட்டேவா வர்றீங்க? பக்கத்துல காலி சீட்டை வச்சுக்கிட்டு, நான் பாட்டுக்கு உங்ககிட்ட...

உக்காருங்க சார். துண்டை எடுத்துட்டேன். உக்காருங்க, மொதல்ல உக்காருங்க. மன்னிச்சுக்கோங்க. இந்தாங்க உங்க சட்டி.

என்ன கேட்டீங்க? அந்தச் சிவப்பு கிளிப்பா? இங்கதான் இருக்கு சார், சட்டைப் பையில. அன்னைக்குக் குத்துனது. சட்டை மாத்தும்போதெல்லாம் எடுத்து அடுத்த சட்டையில குத்திக்கிட்டே இருந்திருக்கேன். ஒரு நாள்கூட ஆணியில மாட்டணும்னு தோணல. அவ வந்து கேக்கட்டும், கொடுப்போம்னு இருந்தேன் போல. பதினெட்டு நாளா சார்.

ஹசீனாவுக்கு அப்ப எல்லாமே தெரிஞ்சிருக்கு. பாருங்களேன் அந்தப் பொண்ணை.

நான் முன்னால போறேன். அவ பக்கத்துல இடம் இல்லதான், கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், கோவில்பட்டி என்ன ரொம்ப தூரமா. இந்தச் சிவப்பு கிளிப்பை அவ கையில கொடுக்கணும். வாங்குவாளா என்னமோ. இந்த நாலு கிளிப்பும் நீங்களே வச்சுக்கோங்க சார், வீட்டுல துணி காயப்போட ஆகும். படம் வேணாம், அதை நான் தூக்கிப் போட்டுர்றேன்.

என் சீட்டா? இல்ல இல்ல, துண்டெல்லாம் போடாதீங்க. யாராவது கேட்டா உக்காரச் சொல்லுங்க. ஆள் எந்திரிச்சுப் போயிட்டாருன்னு சொல்லிருங்க.